பனிப்பூவுக்கு மூன்று மணி நேர விடுப்பு

தோ மான்ஷிக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லீவு வேண்டியிருந்தது. அதை அவர் இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருந்தது. ஒன்று, முப்பத்தொரு வருடமாக அவர் வெல்டிங் வேலை பார்க்கும் ஓக்போ கப்பல் பட்டறை. இன்னொன்று, இருபத்திரண்டு வருடமாக மாதச் சந்தா கட்டி அவர் ஆடிவரும் ‘ஏழு கோட்டை’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் எங்கள் கரும்பாறைப் படை.

பட்டறையில் லீவு கிடைக்க இருபது விநாடி ஆனது. கப்பலை ஒப்படைக்கும் தேதி நெருங்கியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. பிரிவு மேலாளர் பியோன் தலையைத் தூக்கவில்லை.

“என்ன?”

“சார், வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் லீவு வேணும். பொண்ணுக்கு...”

“போ.”

“பொண்ணுக்கு சம்பந்தி வீட்டுக்காரங்களை...”

“அதான் போன்னு சொல்லிட்டேன்ல. ஒனக்குப் பதிலா எவனாவது நிப்பான்.”

மான்ஷிக் வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில், கூட வெல்டிங் பார்க்கும் என்னிடம் சொன்னார். “காரணம் சொல்லணும்னு மூணு நாளா ஒத்திகை பாத்தேன்டா. கேக்கவே இல்ல.”

“லீவு கெடச்சிருச்சில்ல, விடுங்க,” என்றேன்.

“கெடச்சிருச்சி,” என்றார். கிடைத்தவர் முகம் மாதிரி இல்லை.

படையில் அதே லீவு கிடைக்க ஒன்பது நாள் ஆனது.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். திரைக்குள்ளே ஒரு நாடு. சந்தா கட்டுகிறவனுக்கு அதில் ஒரு பொம்மை. பொம்மைக்கு ஒரு பெயர், ஒரு தொழில். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்தால் ஒரு படை. ஞாயிறு தோறும் சாயங்காலம் ஏழு மணிக்குப் படை கூட வேண்டும். எட்டு மணிக்குக் கோட்டைப் போர் தொடங்கும், பத்து மணிக்கு முடியும். சந்தாவை நிறுத்தினால் பொம்மை தூங்கிவிடும். எங்கள் பொம்மைகள் இருபத்திரண்டு வருடமாகத் தூங்கவில்லை. நாங்கள்தான் அவ்வப்போது தூங்கினோம்.

மான்ஷிக்குக்கு வயது ஐம்பத்திரண்டு. கழுத்திலும் முன்கையிலும் தீப்பொறி விழுந்த தழும்புகள். திரைக்குள் அவர் வெள்ளைத் தலைமுடியும் மெல்லிய இடையும் கொண்ட ஒரு வைத்தியக்காரப் பெண். பெயர் பனிப்பூ. நாங்கள் நாற்பது பேர் முன்னால் நின்று வெட்டுப்படுவோம். பின்னால் நின்று அவர் ஒவ்வொருவருக்கும் உயிர் போட்டுக்கொண்டே இருப்பார். வைத்தியத் தொழிலை யாரும் விரும்பி எடுப்பதில்லை. ஒருவரைக் கூட வெட்ட முடியாது, வெட்டுப்பட்டவன் திட்டுவதையும் கேட்க வேண்டும். எங்கள் படையில் எஞ்சியிருந்த ஒரே வைத்தியக்காரி பனிப்பூதான்.

முதல் நாள், வெள்ளிக்கிழமை, படையின் பொதுப் பலகையில் அவர் ஒரு வரி எழுதினார். ‘அடுத்த ஞாயிறு ஏழு முதல் பத்து வரை, மூன்று மணி நேரம் வர முடியாது.’ நாற்பது பேர் படித்தோம். யாரும் பதில் எழுதவில்லை. அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் பட்டறையில் கிரேன் அறுந்து விழுந்த அன்றுதான் கேட்டிருக்கிறேன்.

பிறகு விதிப்புத்தகம் திறக்கப்பட்டது.

அறுபத்தெட்டுப் பக்கம். எழுதியவர் எங்கள் படைத்தலைவர், கோமான் கூ போங்சோல். திரைக்கு வெளியே அவர் பட்டறையின் இரண்டாம் வாசல் எதிரே சலவைக்கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பேரழிவு உண்டு. விதி முப்பத்தொன்று, போர் நேரத்தில் கழிப்பறைக்குப் போகக்கூடாது என்கிறது. கேடயக்காரன் ஒருவன் போயிருந்த நேரத்தில் கிழக்கு வாசல் விழுந்ததால் வந்த விதி அது. அந்தக் கேடயக்காரன் நான். விதி பன்னிரண்டு, தாயோ தகப்பனோ இறந்தால் ஒன்றரை மணி நேரம் அனுமதி தருகிறது. ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது.

மகளுக்கு மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திப்பது பற்றி ஒரு விதியும் இல்லை. புத்தகம் எழுதப்பட்டபோது எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. பிள்ளை பெற்று, அது வளர்ந்து, அதற்கொரு துணை தேடும் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்போம் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை மான்ஷிக் படைச் செயலாளர் மா கும்ஜாவைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் கோழி வறுவல் கடை வைத்திருக்கிறார். எண்ணெய்ச் சட்டியைத் திருப்பியபடியே சொன்னார்.

“ஏழாம் ஃபாரம். ரெண்டு பக்கம். கையால எழுதணும், அவங்கவங்க பேர் வெட்டின முத்திரை குத்தணும்.”

“இது கம்ப்யூட்டர் விளையாட்டு. அதுலயே தட்டிவிட்டா ஆகாதா?”

“திரையில எவன் வேணா எதை வேணா தட்டுவான் தம்பி. நீயே அதுல பொம்பளையா நிக்கற. எப்படி நம்பறது?”

ஃபாரத்தின் அடியில் மூன்று கட்டம். மனுதாரர், பிரிவுத் தலைவர், கோமான். வைத்தியப் பிரிவின் தலைவர் யார்? பனிப்பூ. தன் மனுவைத் தானே பரிந்துரைக்க விதியில் இடமில்லை. அப்படியானால் துணைத்தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதவி எட்டு வருடமாகக் காலி.

“அப்ப முதல்ல ஒரு தற்காலிகத் துணைத்தலைவரைப் போடணும்,” என்றார் கும்ஜா. “நாளைக்கிப் போர். நாளைக்கிக் காகிதம் நகராது. திங்கக்கெழம பாக்கலாம். கோழி வேணுமா?”

திங்கட்கிழமை துணைத்தலைவர் நியமிக்கப்பட்டார். அவர் பெயர் பியோன்.

அதே பியோன்தான். பட்டறையில் நூற்றிருபது பேருக்கு மேலாளர். படையில் மூன்றாம் நிலைக் காலாள். சேர்ந்து நாலு வருடம்தான் ஆகிறது, வாள் பிடிக்கவும் வராது. பகலில் மான்ஷிக்கைக் குடும்பப் பெயரைச் சொல்லி ‘ஏய் தோ’ என்பார். சாயங்காலம், நாங்கள் மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடும் கம்ப்யூட்டர் கடையில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, ‘அண்ணே, கொஞ்சம் உயிர் போடுங்கண்ணே’ என்று கெஞ்சுவார். இதில் அவருக்கோ எங்களுக்கோ எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. ஆறு மணிச் சங்கு ஊதினால் ஒன்று முடியும், இன்னொன்று தொடங்கும்.

செவ்வாய்க்கிழமை பகலில் மான்ஷிக் அவசரம் தாங்காமல் மேலாளர் அறைக்குப் போனார்.

“சார், அந்த ஃபாரம்...”

“இது ஆபீசு. படை விஷயத்த இங்க பேசாத. வெளியில நில்லு.”

சாயங்காலம் பியோனே எழுந்து வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

“அண்ணே, ஒங்க மனுவைப் படிச்சேன். சாப்பாடு எறங்கல.”

“கையெழுத்து போட்டியா இல்லியா?”

“எப்படிண்ணே சட்டுனு போடறது? நீங்க இல்லாத மூணு மணி நேரத்துல என்னென்ன ஆகலாம்னு எழுதிப் பாத்தேன். பதினேழு வருது. மூணாவதுலயே நான் செத்துர்றேன்.”

“பட்டறையில போன்னு சொன்னியே. தலையக்கூடத் தூக்காம.”

பியோன் உண்மையிலேயே குழம்பிப்போய் அவரைப் பார்த்தார்.

“அது கப்பல்தானண்ணே,” என்றார்.

புதன்கிழமை, பதினேழுக்கும் எதிரே பரிகாரம் எழுதி வாங்கிக்கொண்டு பியோன் முத்திரை குத்தினார். குத்துவதற்கு முன் அந்தக் கை முத்திரையை மூன்று முறை மையில் தொட்டு எடுத்தது. நாலாயிரம் டன் இரும்பை வெட்டச் சொல்லி உத்தரவிடும் அதே கைதான்.

வியாழக்கிழமை விசாரணை. சலவைக்கடையின் பின்னறையில், பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் சட்டைகளுக்குக் கீழே பதினொரு பேர் உட்கார்ந்தோம். கோமான் இஸ்திரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கும்ஜா கோழி ஆர்டர் எழுதும் சீட்டில் குறிப்பெடுத்தார்.

கோமான் பேச ஆரம்பித்தார்.

“இங்க யாரும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. எனக்கும் குடும்பம் இருந்துச்சு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, நவம்பர் மாசம், ஞாயித்துக்கெழம. எம் பொண்டாட்டி பெட்டியோட வாசல்ல நின்னா. ‘ஒரு வார்த்த சொல்லு, நான் போகல’ன்னா. இந்தப் பக்கம் வடக்கு மதில்ல ஏணி சாஞ்சிருக்கு. நான் என்ன சொன்னேன்? பத்து மணிக்கு மேல பேசலாம்னேன். பத்து மணிக்கு மதில் நம்ம கையில இருந்துச்சு.” அவர் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்த்தார். “அந்த மதில் இன்னைக்கும் நம்மகிட்டதான் இருக்கு.”

நாங்கள் கை தட்டினோம்.

“அவ இப்ப பூசான்ல நல்லாருக்கா,” என்றார் கும்ஜா, சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

கோமான் அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார். பிறகு மான்ஷிக் பக்கம் திரும்பினார்.

“சரி. அந்த எடத்துல சண்ட நடக்குமா?”

“சம்பந்தி வீட்டுக்காரங்களோட எதுக்குங்க சண்ட?”

“யாராவது சாக வாய்ப்பிருக்கா?”

“இல்லீங்க. சாப்புடுவோம், பேசுவோம்.”

“அப்ப அங்க வைத்தியக்காரிக்கு என்ன வேல?”

பதினொரு பேரும் தலையாட்டினோம். கேள்வியில் பிழை இல்லை.

“நான் வைத்தியக்காரியா போகலீங்க. அப்பனாப் போறேன்,” என்றார் மான்ஷிக்.

கும்ஜா விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். “அப்படி ஒரு பதவி பட்டியல்ல இல்லியே.”

மான்ஷிக் எழுந்தார். தொங்கிய சட்டை ஒன்று தலையில் இடித்தது. “அப்ப நான் வெலகிக்கறேன். எம் பொண்ணு என் மூஞ்சியப் பாத்து, நானா கோட்டையான்னு கேட்டா, என்னால கோட்டைனு சொல்ல முடியாது. சந்தாவையும் நிறுத்திடறேன்.”

யாரும் தடுக்கவில்லை. அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. அதைத் தடுக்க என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் கடையில் சந்தாவை நிறுத்த உட்கார்ந்தார். நான் பக்கத்து நாற்காலி. முதல் பக்கம், ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினார். இரண்டாம் பக்கத்தில் பனிப்பூ பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. மான்ஷிக் அடுத்ததற்குப் போனார். மூன்றாம் பக்கத்தில் அவள் இருபத்திரண்டு வருடத்தில் செய்ததெல்லாம் எண்ணிக்கையாக இருந்தது. நடந்த தூரம், நின்ற போர்கள். கடைசி வரி: மீட்ட உயிர்கள், நாலு லட்சத்துப் பதினோராயிரத்து முன்னூற்றொன்பது.

அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

“பட்டறையில நான் எத்தன மீட்டர் வெல்டிங் அடிச்சிருப்பேன்னு யாராவது எண்ணியிருப்பானா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் எவன் எண்றான்,” என்றேன்.

நாலாம் பக்கம், ‘எதற்காக விலகுகிறீர்கள்?’ என்றது. மூன்று பதில்கள் இருந்தன. ராணுவப் பணி. மரணம். மற்றவை. மான்ஷிக் கொஞ்சம் யோசித்து ‘மற்றவை’யை எடுத்தார். காரணம் எழுதச் சிறிய பெட்டி ஒன்று வந்தது. ‘மகள் கல்யாணப் பேச்சு’ என்று எழுதினார்.

கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது. ‘மனமார்ந்த வாழ்த்துகள். இந்த இனிய தருணத்தில் பனிப்பூவுக்கு ஒரு மணப்பெண் கவுன், விலையில்லாமல். மூன்று மாதச் சந்தாவைப் புதுப்பிப்போருக்கு மட்டும்.’

கவுன் நன்றாக இருந்தது. பின்னால் நீளமாகத் தரையில் புரண்டது.

“காரணத்தப் படிச்சிருக்காங்க பாரு,” என்றார் மான்ஷிக். புதுப்பித்தார்.

சனிக்கிழமை, ஒன்பதாம் நாள், கோமான் இறங்கி வந்தார். விலகியவரை விட லீவில் போனவர் மேல் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அனுமதி மூன்று நிபந்தனையோடு வந்தது. ஒன்று, பனிப்பூவைத் தற்காலிகத் துணைத்தலைவர் பியோன் ஆட்ட வேண்டும். இரண்டு, சரியாக எட்டு மணிக்கு, கடிகாரம் தெரியும்படி, கையில் சாப்பிடும் குச்சியோடு ஒரு படம் அனுப்ப வேண்டும். மூன்று, மனுதாரர் நேரில் இருந்தார் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் ஏழாம் ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும்.

மூன்றாவதை மான்ஷிக் வீட்டில் சொல்லவில்லை. சொல்லும் நிலைமை அங்கே இல்லை. மகள் போரா ஜின்ஜூவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையன் நல்லவன், ஆனால் தகப்பன் சொல்லைத் தாண்டாதவன். தகப்பன் ஏற்கெனவே இரண்டு இடத்தைச் ‘சரியில்லை’ என்ற ஒரே வார்த்தையில் தட்டிவிட்டவர்.

“அப்பா, ஒங்களை என்ன வேலைனு கேட்டா வெல்டர்னு சொல்லுங்க,” என்றாள் போரா, பஸ்ஸில் போகும்போது. “அதுல ஒரு வெக்கமும் இல்ல. ஆனா அந்த வெள்ள முடிக்காரியப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சு, நான் நேரா நாம்காங் ஆத்துல குதிச்சிருவேன்.”

“நான் புடிச்சுத் தள்ளுவேன். ஒன்னய இல்ல, இவர,” என்றாள் மான்ஷிக்கின் மனைவி ஓக்சுன்.

ஜின்ஜூவில் ஓர் உணவகத்தின் தனியறை. நீள மேசை, ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் அவர்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மியோங் ஹக்சூ, கோசோங் பக்கத்தில் ஓர் ஊர் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் சான்றிதழ் கொடுத்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு அந்த அலுவலக ஜன்னலில் நடப்பது போலவே நடந்தது.

“சொந்த ஊர்?”

“தோங்யோங்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி பொறக்கலீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார், ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்சி நன்றாக இருக்கிறது என்றாள். ஓக்சுன் மீனும் நன்றாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு நன்றாக இருப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. எல்லோரும் சுட்ட மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மான்ஷிக் எழுந்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் குச்சியைக் கையில் பிடிக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளையின் தாயாரைக் கொஞ்சம் இடது பக்கம் நகரச் சொன்னார். இன்னும் கொஞ்சம். கடிகாரத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். மியோங் குச்சியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

படத்தை அனுப்பிவிட்டு மான்ஷிக் போனைக் கோட்டுப் பைக்குள் திணித்தபோது, உள்ளே இருந்த ஃபாரம் வெளியே வந்து மேசையில் விழுந்தது. மியோங்கின் தட்டுப் பக்கம். அவர் குச்சியை வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். காகிதம் என்றால் படித்துத்தான் தீர வேண்டும் என்று ஆகிப்போன மனிதர். முதல் பக்கம் முழுவதும் படித்தார். இரண்டாம் பக்கம் முழுவதும் படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

போரா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பனிப்பூங்கறது யாரு?” என்று மியோங் கேட்டார்.

மான்ஷிக் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பொய் சொல்ல நேரம் இருந்தது, பொய் இல்லை. “நாந்தாங்க.”

“வைத்தியப் பிரிவுத் தலைவர்.”

“ஆமாங்க.”

மியோங் காகிதத்தை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார். “இது சரியில்ல.”

ஓக்சுன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். கிளம்ப வேண்டியதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு பக்கம் இருக்கு,” என்றார் மியோங். “ரெண்டுக்கும் பாலமா விளிம்புல ஒரு முத்திரை வேணாமா? நாளைக்கி எவனாவது முதல் பக்கத்த உருவிட்டு வேற ஒண்ண வச்சா? அதுல, போனது கல்யாணப் பேச்சுக்கில்ல, சூதாடறதுக்குன்னு எழுதியிருந்தா? அதுக்குக் கீழ எம் முத்திரை இருக்கும். முப்பத்துநாலு வருசத்துல அப்படி ஒரு காகிதத்த நான் வெளிய விட்டதில்ல.”

உள்பையிலிருந்து சின்ன மரப்பெட்டி ஒன்றை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் முத்திரையைக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். இரண்டு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. தட்டுகளை ஒதுக்கினார். இரண்டு தாளையும் மடித்துச் சேர்த்து, பாதி இதிலும் பாதி அதிலும் விழும்படி குத்தினார். பிறகு அடியில் ஒன்று. வாயால் ஊதிக் காயவைத்தார்.

“இத வாங்க எத்தன நாள் ஆச்சு?”

“ஒம்பது நாள்.”

“மூணு மணி நேரத்துக்கு ஒம்பது நாளா.” மியோங் கண்ணாடியைக் கழற்றினார். குரல் தழைந்திருந்தது. “அருமையான நிர்வாகம். சம்பந்தி, ஒங்க படையில ஆவணம் யாரு பாக்கறாங்க?”

சம்பந்தி என்ற சொல் அன்று முதல் முறையாக அந்த மேசைக்கு வந்தது அப்போதுதான். போரா கண்ணைத் திறந்தாள்.

எட்டேகால் மணிக்கு என் செய்தி மான்ஷிக்குக்குப் போனது. கோட்டை விழுந்துவிட்டது. பதினோரு நிமிடம். பியோன் பதற்றத்தில் எதிரிப் படைத்தலைவனுக்கு உயிர் போட்டுக்கொண்டே இருந்தார். கோமான் அவன் கையாலேயே இரண்டு முறை செத்தார். மான்ஷிக் மேசைக்கடியில் அதைப் படித்ததையும், படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டதையும் ஓக்சுன் பார்த்திருக்கிறாள். துக்கம் என்று நினைத்தாளாம்.

மறுநாள் சோஜு சாராயக் கடையில் அவர் என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

“பதினோரு நிமிசமா?”

“பதினோரு நிமிசம்.”

“பன்னெண்டு கூட இல்ல?”

“இல்ல.”

“எனக்குப் பதிலா எவனாவது நிப்பான்னானே,” என்றார். ஊற்றச் சொல்லி கோப்பையை நீட்டினார்.

மியோங் ஹக்சூ அந்த வாரமே சந்தா கட்டினார். அறுபத்துமூன்று வயது. விளையாட்டில் ‘நகலெழுத்தர்’ என்று ஒரு தொழில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக யாரும் அதை எடுத்ததில்லை, எதற்கு இருக்கிறது என்றும் தெரியாது. அவர் அதை எடுத்தார். ஒரே மாதத்தில் படையின் ஆவண அலுவலர் ஆனார். ஏழாம் ஃபாரம் இரண்டு பக்கத்திலிருந்து ஏழு பக்கமானது. ஒவ்வொரு பக்க இணைப்பிலும் முத்திரை. யாரும் முணுமுணுக்கவில்லை. நாற்பது பேரும் புது முத்திரை செய்து வைத்துக்கொண்டோம்.

கல்யாணம் அக்டோபர் இரண்டாம் ஞாயிறு மாலை என்று இரு வீட்டுப் பெண்களும் பேசி முடிவு செய்தார்கள். மான்ஷிக் ஏழு பக்க மனு கொடுத்தார். மனு திரும்பி வந்தது. ஓரத்தில் மியோங்கின் சின்னக் கையெழுத்தில் குறிப்பு இருந்தது: ‘காரணம்: மகள் திருமணம் என்கிறார். மணமகளுக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவுக்குச் சான்று இணைக்கப்படவில்லை.’

மான்ஷிக் கோசோங்குக்குப் போன் போட்டார்.

“சம்பந்தி, அது எம் பொண்ணு. ஒங்க பையனத்தான் கட்டிக்கப்போறா.”

“எனக்குத் தெரியும் சம்பந்தி. காகிதத்துக்குத் தெரியணும்ல.”

“ஒங்க மனு என்னாச்சு?”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “அதையும் திருப்பி அனுப்பிட்டேன். அலுவலர் தன்னோட மனுவைத் தானே பாக்கக்கூடாது. துணை அலுவலர் பதவி காலி.”

போரா இரண்டு தகப்பன்களோடும் வாதாடவில்லை. மண்டபத்துக்குப் போன் போட்டுக் கல்யாணத்தைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினாள்.

படை முழுவதும் வந்தது. வாசலில் ஆளுயரப் பூ வளையம். அதில் தொங்கிய பட்டுநாடாவில், ‘பனிப்பூவின் அருமை மகளுக்கு, கரும்பாறைப் படை’ என்று இரண்டடி எழுத்து. போரா ஆற்றில் குதிக்கவில்லை. மண்டபத்திலிருந்து ஆறு தூரம், தவிர கவுன் பின்னால் நீளமாகத் தரையில் புரண்டது. பியோன் வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார். மூன்றாம் நிலைக் காலாளுக்கு உரிய வேலை அதுதான்.

நவம்பரில் பட்டறையில் பட்டியல் ஒன்று வந்தது. வயதானவர்கள் ‘விரும்பி’ விலகிக்கொள்ளும் திட்டம். பியோன் தலையைத் தூக்காமல் மான்ஷிக் பக்கம் இரண்டு தாளைத் தள்ளினார்.

“இங்க ஒரு கையெழுத்து. அவ்ளோதான்.”

மான்ஷிக் தாளை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். விளிம்பைப் பார்த்தார்.

“இதுல இணைப்பு முத்திரை இல்லியே, சார்.”

பியோன் தலையைத் தூக்கினார். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் மான்ஷிக்கின் முகத்தை ஒரு மேலாளர் பார்த்தது அன்றுதான்.

தாள் கோசோங்குக்குப் போனது. மியோங் அதில் ஆறு குறை கண்டுபிடித்து, தேதி வாரியாக எழுதி, பட்டறைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார். பட்டறை மூன்றைத் திருத்தி அனுப்பியது. திருத்தியதில் அவர் நாலு கண்டுபிடித்தார். அந்தத் தாள் இன்னும் ஓக்போவுக்கும் கோசோங்குக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. அது நிற்கும்வரை மான்ஷிக்குக்கு வேலை இருக்கிறது.

பட்டியல் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வாசலில் கடும் போர். எட்டு மணி ஆறு நிமிடத்துக்குப் பியோன் விழுந்தார். விழுந்தவன் வைத்தியக்காரி உயிர் போடும்வரை அசைய முடியாது. பனிப்பூ மணப்பெண் கவுனில் அவர் தலைமாட்டில் வந்து நின்றாள்.

“அண்ணே, உயிர்,” என்றார் பியோன், இரண்டு நாற்காலி தள்ளி.

மான்ஷிக் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, நூடுல்ஸ் கோப்பையின் மூடியைத் திறந்தார்.

“மனு குடுத்துட்டியா தம்பி?”